பாகம் பிரிந்த பிரிட்டன்... பண்ணைக்காரர் கையில் மிஞ்சியது என்ன?

2016-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி, பிரிட்டன் மக்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு கொடுக்கப்பட்டது. அதில் இருந்தது ஒரே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து உறுப்பினராக இருப்பதா, அதிலிருந்து வெளியேறுவதா? இரண்டு கட்டங்கள். ஏதாவது ஒன்றில் பெருக்கல் குறி போட வேண்டும். வேலை முடிந்தது.

ஆனால், ஆடு வளர்ப்பவருக்கும், உருளைக்கிழங்கு போடுபவருக்கும், ஸ்ட்ராபெர்ரி பயிரிடுபவருக்கும் அந்த ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருந்தன. உதவித்தொகை இனி யாரிடமிருந்து வரும்? விளைந்ததை யார் வாங்குவார்? பறிக்க ஆள் எங்கிருந்து வரும்? தர விதிகளை யார் எழுதுவார்? மேடைகளில் இந்த நான்குக்கும் வாய்ப்பேச்சாகப் பதில் கிடைத்தது. எந்த ஆண்டு வரை, எவ்வளவு தொகை, எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கிடைக்கவில்லை. அதனால் என்ன ஆனது என்பதை நம் விவசாயிகளும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், வர்த்தக ஒப்பந்தம் என்ற பேச்சு இப்போது நம் வயல் வரப்பு வரைக்கும் வந்துவிட்டது.

சேர்ந்தது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பட்டினியைப் பார்த்த ஐரோப்பிய நாடுகள், உணவுக்காக இனி யாரிடமும் கையேந்தக் கூடாது என்று முடிவெடுத்தன. அந்த நோக்கத்தோடு 1962-ம் ஆண்டு 'பொது வேளாண் கொள்கை' நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளுக்குள் விளைபொருளுக்கு வரி கிடையாது. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லா நாடுகளும் ஒரே அளவு வரி போடும். விவசாயிக்கு உத்தரவாத விலை உண்டு. செலவு பொதுப் பணப்பெட்டியிலிருந்து.

பிரிட்டன் இந்தக் கூட்டில் 1973-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி சேர்ந்தது. அதற்கு முன்பு அந்த நாட்டுக்கு வெண்ணெயும் ஆட்டிறைச்சியும் நியூசிலாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன. கூட்டில் சேர்ந்ததும் அந்தப் பழைய வாடிக்கை குறைக்கப்பட்டது. நியூசிலாந்து விவசாயி புதுச் சந்தை தேடி அலைந்தார். பிரிட்டன் விவசாயிக்கு ஐரோப்பாவின் கதவு திறந்தது. 1975-ம் ஆண்டில் ஒரு முறை மக்களிடம் கருத்துக் கேட்டபோது, 67 சதவிகிதம் பேர் 'தொடரலாம்' என்றே சொன்னார்கள்.

உத்தரவாத விலை நன்றாகவே வேலை செய்தது. தேவைக்கு மேலும் வேலை செய்துவிட்டது. விற்காத வெண்ணெயும், பால் பவுடரும், தானியமும் கிடங்குகளில் குவிந்தன. 'வெண்ணெய் மலை' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அதனால் 1984-ம் ஆண்டு பாலுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவுதான் ஊற்றலாம், மிஞ்சினால் அபராதம். அந்தக் கட்டுப்பாடு 2015-ம் ஆண்டு மார்ச் வரை நீடித்தது. இதற்கிடையில், விலைக்குக் கொடுத்த ஆதரவு படிப்படியாக நிலப் பரப்புக்குக் கொடுக்கும் தொகையாக மாறியது.

ஏக்கர் கணக்கில் உதவித்தொகை

வாக்கெடுப்பு நடந்த காலத்தில், இங்கிலாந்தின் சமவெளி நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கில் தொகை கிடைத்துவந்தது. என்ன பயிர், எவ்வளவு விளைச்சல் என்ற கேள்வி இல்லை. நிலத்தை விதிப்படி பராமரித்தால் போதும்.

நம் நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். நிலம் கூடினாலும் தொகை கூடாது. அங்கே கணக்கு வேறு. 50 ஏக்கர்காரருக்கு 50 பங்கு, 5,000 ஏக்கர்காரருக்கு 5,000 பங்கு. பெரிய பண்ணையார்களுக்கே பெரும்பணம் போகிறது என்ற குறை நெடுநாளாக இருந்தது. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால், வேல்ஸிலும் வட இங்கிலாந்திலும் மலைச்சரிவில் ஆடு மேய்க்கும் குடும்பங்களுக்கு அந்தத் தொகைதான் அடுப்பு எரிய வழி. பல பண்ணைகளில் ஆட்டையும் மாட்டையும் விற்று வந்த வருமானம் செலவுக்கே சரியாகப் போனது. மிச்சம் என்று கையில் நின்றது இந்த உதவித்தொகை மட்டுமே.

'வெளியேறலாம்' என்றவர்கள் சொன்னது

வெளியேற விரும்பிய விவசாயிகள் விவரம் தெரியாமல் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு உண்மையான கோபங்கள் இருந்தன.

முதலாவது, விதிகள். 30 ஹெக்டேருக்கு மேல் சாகுபடி நிலம் வைத்திருப்பவர் குறைந்தது மூன்று பயிர்கள் போட வேண்டும் என்று 2015-ம் ஆண்டு விதி வந்தது. கிரேக்கத்துக்கும் பின்லாந்துக்கும் பொருந்தும்படி எழுதிய விதி, தங்கள் மண்ணுக்கும் மழைக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். இரண்டாவது, படிவங்கள். வேலியின் நீளம், ஓடையின் அகலம் வரை அளந்து எழுத வேண்டியிருந்தது. பணமோ தாமதமாக வந்தது. மூன்றாவது, பிரிட்டன் கட்டும் பணம். கூட்டுக்குக் கொடுப்பது அதிகம், திரும்பி வருவது குறைவு. 1984-ம் ஆண்டு பிரதமர் மார்கரெட் தாட்சர் வாதாடி ஒரு தள்ளுபடி வாங்கிய பிறகும் இந்தக் கணக்கு நேராகவில்லை.

அப்போதைய வேளாண் துறை இணையமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ், கார்ன்வாலில் பழப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அவர் வெளியேறும் அணியில் நின்றார். வெளியேறினாலும் விவசாயிகளுக்கான ஆதரவு குறையாது என்று நம்பிக்கை அளித்தார். வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை நம் மருத்துவமனைகளுக்குச் செலவிடலாம் என்று ஒரு சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். தள்ளுபடியைக் கழிக்காமல் போட்ட அந்தக் கணக்கு தவறான எண்ணத்தைத் தருகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. ஆனால், திருத்தத்தைவிட வாசகம் வேகமாக ஓடியது.

'இருக்கலாம்' என்றவர்கள் சொன்னது

பிரதமர் டேவிட் கேமரூன், வேளாண் துறைக்கான கேபினெட் அமைச்சராக இருந்த லிஸ் டிரஸ் ஆகியோர் தொடரலாம் என்ற அணி. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பெரிய விவசாய அமைப்பான தேசிய விவசாயிகள் சங்கமும் 2016-ம் ஆண்டு ஏப்ரலில், உறுப்பினராகத் தொடர்வதே விவசாயிகளின் நலனுக்கு உகந்தது என்று தீர்மானம் போட்டது. ஒரே துறையில் அமைச்சர் ஒரு பக்கம், இணையமைச்சர் இன்னொரு பக்கம்.

இவர்கள் சொன்ன காரணம் சந்தை. பிரிட்டனின் ஆட்டிறைச்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றுமதி ஆகிறது. அந்த ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கே போகிறது. வேல்ஸ் மலைக்குட்டிகள் எடை குறைந்தவை. உள்நாட்டில் அவற்றைக் கேட்பார் குறைவு. தெற்கு ஐரோப்பாவில் அந்த அளவுக் குட்டியைத்தான் தேடி வாங்குவார்கள். ஒப்பந்தம் ஏதும் இல்லாமல் வெளியேறினால், ஆட்டிறைச்சிக்கு 40 சதவிகிதத்துக்கும் மேல் வரி விழும் என்று எச்சரித்தார்கள்.

ஆனால், இந்த அணியின் பிரசாரம் பெரும்பாலும் 'வெளியே போனால் கெட்டுவிடும்' என்ற பயமுறுத்தலாகவே இருந்தது. உள்ளே இருந்துகொண்டே மூன்று பயிர் விதியையும், படிவச் சுமையையும் எப்படிச் சரிசெய்வோம் என்று சொல்லவில்லை. கோபத்தில் இருப்பவரிடம் பயத்தைக் காட்டினால் கோபம் தணியாது.

நாட்டின் பொதுவான விவாதத்தில் வேளாண்மைக்கு இடமே கிடைக்கவில்லை. வெளிநாட்டவர் வருகை, நாட்டின் தன்னாட்சி, வேலைவாய்ப்பு ஆகியவையே முழுநேரப் பேச்சு.

வாக்குகள் சொன்ன கணக்கு

வெளியேற வேண்டும் என்றவர்கள் 51.9 சதவிகிதம், தொடர வேண்டும் என்றவர்கள் 48.1 சதவிகிதம். ஏறத்தாழ 1.74 கோடிப் பேருக்கு எதிராக 1.61 கோடிப் பேர். இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொன்னன. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தொடரச் சொன்னன. ஒன்றியத்திலிருந்து வளர்ச்சி நிதியை அதிகம் பெற்ற பகுதிகளில் ஒன்றான கார்ன்வாலில் 56 சதவிகிதத்துக்கு மேல் வெளியேறும் வாக்கு. வாக்கெடுப்புக்கு முன்பு ஒரு வேளாண் வார இதழ் எடுத்த கணிப்பிலும், பாதிக்கு மேற்பட்ட விவசாயிகள் வெளியேறுவதையே விரும்பினார்கள். அவர்களுடைய சங்கத்தின் தீர்மானம் ஒரு திசை, உறுப்பினர்களின் மனம் இன்னொரு திசை.

மறுநாளே பவுண்டு மதிப்பு சரிந்தது. அது விவசாயிக்கு முதலில் லாபமாகவே தெரிந்தது. உதவித்தொகை யூரோவில் கணக்கிடப்பட்டதால் பவுண்டில் அதிகம் கிடைத்தது, ஏற்றுமதி சூடுபிடித்தது. கூடவே, இறக்குமதியாகும் இடுபொருள்களின் விலையும் ஏறியது. வெளியேறும் பேச்சுவார்த்தை மூன்றரை ஆண்டு இழுத்தது. 2020-ம் ஆண்டு ஜனவரி 31-ம் தேதி பிரிட்டன் வெளியேறியது. பழைய விதிகள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்தன. புதிய வர்த்தக ஒப்பந்தம் முடிவானது டிசம்பர் 24-ம் தேதி. அதாவது, புது விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ள ஏற்றுமதியாளருக்குக் கிடைத்தது ஒரே வாரம். அதிலும் கிறிஸ்துமஸ் விடுமுறை.

வரி இல்லை... ஆனால் வழி இல்லை

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பெரிய நன்மை இருந்தது. ஆட்டிறைச்சி உட்பட, பூர்விக விதிகளைப் பூர்த்தி செய்யும் எல்லாப் பொருள்களுக்கும் வரி பூஜ்யம். பயந்தபடி 40 சதவிகித வரி விழவில்லை. குட்டி விலையும் சரியவில்லை. 2021-ம் ஆண்டில் நல்ல விலையே கிடைத்தது. இதை மறைக்கக் கூடாது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒன்றியத்துக்குள் இருந்தவரை, வேல்ஸில் வெட்டிய இறைச்சி பாரிஸ் போவது, சேலத்துச் சரக்கு சென்னை போவது போலத்தான். வெளியேறிய பிறகு, ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று வேண்டும். சுங்கப் படிவம் வேண்டும். எல்லையில் பரிசோதனை. ஒரு லாரியில் பத்துப் பேருடைய சரக்கு இருந்து, ஒருவருடைய காகிதத்தில் தவறு இருந்தால் லாரியே நின்றுவிடும். முழு லாரி அனுப்பும் பெரிய நிறுவனத்துக்கும், இரண்டு பெட்டி பாலாடைக்கட்டி அனுப்பும் சிறு பண்ணைக்கும் சான்றுச் செலவு ஏறக்குறைய ஒன்றே. பெரியவர் அதைத் தாங்கிக்கொண்டார். சிறியவர்களில் பலர் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

சில பொருள்களுக்குக் கதவே மூடியது. ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்கு பேர்பெற்றது. குளிர்ந்த காற்றில் அசுவினி குறைவு என்பதால், வைரஸ் நோய் தொற்றாத விதை கிடைக்கும். 2021-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் அந்த விதைக்கு ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை. கிழங்கு மாறவில்லை, வயல் மாறவில்லை. முந்தின நாள் வரை உள்நாட்டுச் சரக்காக இருந்தது, மறுநாள் வெளிநாட்டுச் சரக்காகிவிட்டது.

எதிர்த்திசையில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்கு வரும் உணவுப்பொருளைச் சோதிக்கும் ஏற்பாட்டை பிரிட்டன் அரசு பலமுறை தள்ளிப்போட்டது. நேரடிப் பரிசோதனை தொடங்கியது 2024-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதிதான். மூன்று ஆண்டுகளுக்கு மேல், தன் விவசாயி சரக்குக்கு அங்கே முழுச் சோதனை. அங்கிருந்து வரும் சரக்குக்கு இங்கே பெயரளவுச் சோதனை.

பறிக்க ஆள் இல்லை

வெளியேறும் முன்பு பிரிட்டனில் ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள், அஸ்பாரகஸ், முட்டைக்கோஸ் அறுவடையில் பெரும்பாலோர் பல்கேரியா, ருமேனியா போன்ற ஒன்றிய நாட்டவராக இருந்தார்கள். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அப்போது விசா தேவைப்படவில்லை. இறைச்சிக்கூடங்களில் பணியாற்றிய கால்நடை மருத்துவர்களிலும் பெரும்பாலோர் ஐரோப்பியராகவே இருந்தார்கள்.

தடையில்லாத இந்த வருகையை நிறுத்துவதே பலருக்கு வெளியேறும் வாக்கின் நோக்கம். அது நின்றது. உடனே ஆள் பஞ்சம் வந்தது. 2019-ம் ஆண்டு 2,500 பேருக்கு என்று சோதனையாகத் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் விசாவை, 2023-ம் ஆண்டில் 45,000 வரை உயர்த்த வேண்டியதாயிற்று. உக்ரைன், நேபாளம், கிர்கிஸ்தான், இந்தோனேசியா என்று வெகுதூரத்திலிருந்து ஆள்கள் வந்தார்கள். பயணச் செலவுக்கு அவர்களில் பலர் கடன்பட்டார்கள். 2021-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இறைச்சி வெட்டும் ஆள் பற்றாக்குறையால், ஆரோக்கியமான பன்றிகளை ஆயிரக்கணக்கில் பண்ணையிலேயே கொன்று அப்புறப்படுத்த நேர்ந்தது. கொரோனாவும் இதற்கு ஒரு காரணம். 2022-ம் ஆண்டின் முதல் பாதியில் மட்டும், ஆள் இல்லாமல் வீணான காய், கனிகளின் மதிப்பு 6 கோடி பவுண்டு இருக்கும் என்று விவசாயிகள் சங்கம் மதிப்பிட்டது.

பழைய தொகை நிற்கிறது... புதுத் தொகை?

வெளியேறியதால் பிரிட்டனுக்குத் தன் வேளாண் கொள்கையைத் தானே வகுக்கும் உரிமை வந்தது. இது உண்மையான ஆதாயம். 2020-ம் ஆண்டு வேளாண் சட்டம் நிறைவேறியது. 'பொதுப் பணம் பொது நன்மைக்கே' என்பது அதன் அடிப்படை. நிலம் வைத்திருப்பதற்காக அல்ல. மண்வளம் காப்பது, உயிர்வேலி வளர்ப்பது, நீரைச் சுத்தமாக வைப்பது, தேனீக்களுக்குப் பூச்செடி விடுவது ஆகியவற்றுக்கே பணம். நல்ல யோசனை என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் பல விவசாயிகளும் வரவேற்றார்கள். மூன்று பயிர் விதியும் இங்கிலாந்தில் போனது.

நடைமுறையில்தான் இடறியது. இங்கிலாந்தில் பழைய ஏக்கர் தொகையை 2021-ம் ஆண்டிலிருந்து குறைக்கத் தொடங்கினார்கள். புதிய திட்டத்தின் முக்கியப் பகுதி வாசலைத் திறந்தது 2022-ம் ஆண்டில். அதில் எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. 2025-ம் ஆண்டு, பழைய தொகையில் முதல் 30,000 பவுண்டுக்கு 76 சதவிகிதம் வெட்டு; அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஒன்றுமே இல்லை. எவ்வளவு பெரிய பண்ணையானாலும் அதிகபட்சம் 7,200 பவுண்டு. அதே ஆண்டு மார்ச் 11-ம் தேதி, ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, புதிய திட்டத்துக்கான விண்ணப்பங்களை அறிவிப்பு வந்த அன்றே நிறுத்திவிட்டார்கள். 'அடுத்த மாதம் மனு போடலாம்' என்று இருந்தவர்களுக்குப் பழையதும் போச்சு, புதியதும் இல்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகள் தனித்தனிக் கொள்கை வைத்திருப்பதால், அங்கே பழைய முறையிலிருந்து மாறும் வேகம் குறைவு.

ஒன்றியத்தில் வேளாண் நிதி ஏழு ஆண்டுக்கு ஒரு முறை முடிவாகும். அதில் குறைகள் பல இருந்தாலும், விவசாயி ஏழு ஆண்டுக்குக் கணக்குப் போட முடிந்தது. இப்போது ஒவ்வொரு பட்ஜெட்டையும் எதிர்பார்த்து நிற்கிறார்.

தூரத்து நாடுகளுடன் ஒப்பந்தம்

ஒன்றியத்தில் இருக்கும் நாடு தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. வெளியேறினால் உலகம் முழுவதும் விற்கலாம் என்பது வெளியேறும் அணியின் பெரிய வாக்குறுதி. 2021-ம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவுடனும், 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் நியூசிலாந்துடனும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2023-ம் ஆண்டு மே 31-ம் தேதி இரண்டும் அமலுக்கு வந்தன.

ஆஸ்திரேலிய மாட்டிறைச்சி முதல் ஆண்டில் 35,000 டன் வரை வரியில்லாமல் வரலாம். பத்தாம் ஆண்டில் இது 1,10,000 டன். ஆட்டிறைச்சிக்கு 25,000 டன்னில் தொடங்கி 75,000 டன். ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சிக்கான தடை மட்டும் நீடிக்கிறது. ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் மந்தை மேய்க்கும் ஆஸ்திரேலியப் பண்ணையோடு, மலைச்சரிவில் சில நூறு ஆடு வைத்திருப்பவர் விலையில் போட்டிபோட வேண்டும். நீண்டகாலத்தில் இதனால் நாட்டின் மொத்த உற்பத்தி 0.08 சதவிகிதம் கூடும் என்றது அரசின் சொந்த மதிப்பீடு. விவசாயம், வனம், மீன்பிடித் துறைகளுக்கு 9.4 கோடி பவுண்டு இழப்பு என்பதும் அதே மதிப்பீட்டில் இருந்தது.

2022-ம் ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, ஆஸ்திரேலிய ஒப்பந்தம் பிரிட்டனுக்கு அவ்வளவு நல்ல ஒப்பந்தம் அல்ல, வாங்கியதைவிடக் கொடுத்தது மிக அதிகம் என்ற பொருளில் பேசினார். பேசியவர் ஜார்ஜ் யூஸ்டிஸ். வெளியேறும் அணியில் நின்றவர். ஒப்பந்தம் கையெழுத்தான நேரத்தில் வேளாண் துறைக்கான கேபினெட் அமைச்சர். அந்த ஒப்பந்தத்தை அவசரமாகப் பேசி முடித்த வர்த்தக அமைச்சர், 2016-ம் ஆண்டில் 'தொடரலாம்' என்ற லிஸ் டிரஸ். தலைவர்களின் நிலை ஐந்தாறு ஆண்டில் மாறலாம். ஒப்பந்தத்தில் எழுதிய டன் கணக்கு மாறாது.

எல்லை தாண்டும் பால்

வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசில் உள்ள ஆலைகளுக்குப் போகிறது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் சோதனைச்சாவடி போட்டால், பால் வண்டி நிற்பதோடு பழைய இனக்கலவரமும் தலைதூக்கும் என்ற அச்சம் இருந்தது. எனவே, வட அயர்லாந்து மட்டும் சரக்கு விஷயத்தில் ஒன்றிய விதிகளையே பின்பற்றும் என்று முடிவானது. பால் தடையில்லாமல் போனது. அதற்குப் பதில், சொந்த நாட்டின் இன்னொரு பகுதியிலிருந்து வரும் செடிக்கும், விதைக்கிழங்குக்கும், மண் ஒட்டிய டிராக்டருக்கும் கெடுபிடி வந்தது. 2023-ம் ஆண்டு வின்ட்சர் உடன்பாடு இவற்றில் சிலவற்றைத் தளர்த்தியது.

2025-ம் ஆண்டு மே 19-ம் தேதி லண்டனில் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்து பேசின. உணவு, கால்நடை, தாவரச் சுகாதார விதிகளில் ஒத்துப்போகும் உடன்பாட்டை நோக்கிச் செல்வது என்று முடிவாயிற்று. எல்லைச் சோதனைகள் குறைய, அந்தத் துறையில் ஒன்றியம் போடும் விதிகளை பிரிட்டன் பின்பற்ற வேண்டும். ஆனால், அந்த விதிகளுக்கு வாக்களிக்கும் இடம் இப்போது பிரிட்டனுக்குக் கிடையாது. கூடவே, பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன்பிடிக்கும் அனுமதி 2038 வரை நீட்டிக்கப்பட்டது. கடல் முழுவதும் தங்களுக்கே என்று நம்பி வாக்களித்த மீனவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

நமக்கு இதில் என்ன?

2014-ம் ஆண்டு மே மாதம், பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததால் இந்திய மாம்பழத்துக்கும், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. பிரிட்டனில் இந்திய வணிகர்கள் கொதித்தார்கள். எங்கள் நாட்டில் மா மரமே இல்லையே, எங்களுக்கு ஏன் தடை என்று கேட்டார்கள். விதி 28 நாடுகளுக்கும் பொது என்பதால் லண்டனால் தனியாக முடிவெடுக்க முடியவில்லை. நம் தரப்பில் சிப்பம் கட்டும் இடங்களைச் சீரமைத்து, பூச்சி நீக்கும் முறைகளைக் காட்டிய பிறகு, 2015-ம் ஆண்டு ஜனவரியில் மாம்பழத் தடை நீங்கியது. காய்களுக்கு இன்னும் கூடுதல் காலம் பிடித்தது.

வெளியேறிய பிரிட்டன், 2025-ம் ஆண்டு ஜூலை 24-ம் தேதி இந்தியாவுடன் தனி வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இந்தியப் பொருள்களில் சுமார் 99 சதவிகித இனங்களுக்கு அங்கே வரி இல்லை என்பது அதன் சாரம். பால் பொருள்கள், ஆப்பிள், ஓட்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றில் நாம் அவர்களுக்குச் சலுகை தரவில்லை. நம் பால் உற்பத்தியாளர்களுக்கு இது நிம்மதி.

ஆனால், வேல்ஸ் இறைச்சிக்கும் ஸ்காட்லாந்து விதைக்கிழங்குக்கும் நேர்ந்ததை நினைவில் வைக்க வேண்டும். வரி பூஜ்யம் என்பதும் வாசல் திறந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மருந்து எச்ச அளவும் பூச்சிச் சோதனையும் அப்படியே இருக்கின்றன. எனவே, ஏற்றுமதி நோக்கமுள்ள விவசாயிகள் இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. எந்த மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு என்று தெளிப்புக் குறிப்பேடு எழுதுங்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே, லேபிளில் சொன்ன நாள் இடைவெளியைக் கட்டாயம் விடுங்கள். அபெடாவின் பண்ணைப் பதிவு பற்றி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். சான்றுச் செலவைத் தனி ஆளாகச் சுமக்காமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் பகிர்ந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் முதலில் சந்தையை விட்டு விலகியது, தனியாக நின்ற சிறியவர்தான்.

ஒப்பந்தப் பேச்சு வந்தால் கேட்க வேண்டியவை

எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தம் என்றாலும், சேர்வதானாலும் விலகுவதானாலும், விவசாயச் சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. எங்களுக்குச் சொல்லும் உதவி சட்டத்தில் இருக்கிறதா, பேச்சில் மட்டும் இருக்கிறதா? எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு?

2. வரி குறைகிறது, சரி. தரச் சான்றுக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவு எவ்வளவு? ஓர் ஏக்கர்காரர் அதைத் தாங்குவாரா?

3. நம் சரக்குக்கு அங்கே நடக்கும் சோதனை, அவர்கள் சரக்குக்கு இங்கேயும் அதே நாளில் தொடங்குமா?

4. பழைய ஏற்பாடு நிற்கும் தேதிக்கு முன்பே புதிய ஏற்பாடு நடைமுறையில் இருக்குமா?

5. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு ஆண்டுக்கு எத்தனை டன் வரம்பு? பத்தாவது ஆண்டில் அது எவ்வளவாக இருக்கும்?

இந்த ஐந்தையும் 2016-ம் ஆண்டு கோடையில் கேட்டிருந்தால், முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியேற வேண்டும் என்று உறுதியாக நினைத்தவர்கள் வெளியேறவே வாக்களித்திருப்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால், வெளியேறிய மறுநாள் பண்ணையில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது, எந்தக் குட்டியை வைப்பது, எதை விற்பது என்ற கணக்கு அவர்கள் கையில் முன்கூட்டியே இருந்திருக்கும்.